எந்தப் பக்கம் பிளாட்பாரம்

நாகர்கோவில் வண்டி மூன்று மணி நேரம் பிந்தி
தாதரில் இறக்கிவிட்டுப் போனது
கஸ்பாரையும் அவர் மனைவி சலேத்மேரியையும்
ஒரு சாக்குக் கருவாட்டையும்.
இன்னும் சம்பந்தி ஆகவில்லை.
ஆகலாம். அதற்குத்தான் வந்திருக்கிறார்கள்.

தாதரில் ஆட்டோ கிடையாது.
ரெனிட்டா மூக்கைப் பொத்திக்கொண்டு
கருவாட்டை டாக்சியில் தாராவிக்குக் கொண்டுபோனாள்.
நாங்கள் லோக்கலில்.

ஞாயிறென்றால் மெகா பிளாக், திங்களென்றால் குகைக்கு லீவு,
அதனால் சனி.
ஸ்லோ வண்டியில் வி.டி., டபுள்டக்கரில் கேட்வே,
படகில் எலிபெண்டா,
கூட்டம் நெருக்குமுன் வீடு.
கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.
இருபத்தாறு வருடமாக பைகுல்லா ஸ்கேன் சென்டருக்குப் போய்வருகிறவள்.
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்
பரேல் எந்தப் பக்கம், கரி ரோடு எந்தப் பக்கம் என்று.

கஸ்பாரை ஆண்கள் பெட்டியில் ஏற்றும்போது சொன்னேன்:
"வாசல்ல நிக்காதீங்க. பையை நெஞ்சுல போடுங்க.
கடைசி ஸ்டேஷன்ல எல்லாரும் இறங்குவாங்க,
நீங்களும் இறங்குங்க."
விசைப்படகில் முப்பது வருடம் போன மனுஷர்
பையன் மாதிரித் தலையாட்டினார்.

சலேத்மேரி என்னோடு.
சீப்பு விற்றவளிடம் சீப்பு வாங்கினாள்,
கிளிப் விற்றவளிடம் கிளிப்.
"ரெனிட்டா அம்மா, இதெல்லாம் உங்க ஊர்ல ரயிலா கடையா?"
டபுள்டக்கரில் முன் சீட்டு கிடைத்தது.
ஒவ்வொரு திருப்பத்திலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கேட்வேயில்தான் எனக்கு உறைத்தது
நான் படகில் ஏறியதே இல்லை என்று.
இந்த ஊர்க் கடலை நான் பார்த்ததெல்லாம்
சுண்டல் தின்னும் தூரத்திலிருந்து.

எங்கள் படகு மூன்றாவதாகக் கட்டிக் கிடந்தது.
ஒன்றைத் தாண்டி, இன்னொன்றைத் தாண்டி.
நடுவில் ஒரு முழம் தண்ணீர்
வாயைத் திறந்து திறந்து மூடியது.
ஓடுகிற வண்டியில் தொற்றி ஏறின கால்
அங்கே நின்றுவிட்டது.

"அவசரப்படாதீங்க" கஸ்பார் அந்தப் பக்கம் நின்று சொன்னார்.
"ஏறி வரட்டும்... வரட்டும்...
இப்ப."

பத்து ரூபாய் கூடக் கொடுத்து மேல்தளம்.
அந்தப் பத்து ரூபாயை அரபிக்கடலுக்கே திருப்பிக் கொடுத்தேன்,
காலையில் தின்ற இட்லியோடு.
சலேத்மேரி எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி
என் மூக்கில் வைத்தாள்.
"கிட்டப் பார்க்காதீங்க மைனி. தூரமாப் பாருங்க."

மைனி.
நான் தூரமாகப் பார்த்தேன்.
எண்ணெய்க் கப்பல் ஒன்று அசையாமல் நின்றது.
கஸ்பார் யாரிடமும் இல்லாமல் பேசிக்கொண்டு வந்தார்,
இது கச்சான் காத்து, இங்கே ஏன் தண்ணி இப்படிச் சேறா இருக்கு,
அந்த மிதவைக்கு அந்தப் பக்கம் ஆழம் இருக்கும் என்று.
முதல் தடவையாக அன்றைக்கு
அவர் பை நெஞ்சில் இல்லை.

தீவில் பொம்மை ரயில் ஒன்று கூவிக்கொண்டு நின்றது.
அது கொண்டுவிடும் இடத்திலிருந்து
நூற்றுச் சொச்சம் படி.
முதல் படியில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை.
"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க."
இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள்.
சோளக் கதிர் தின்றோம். குரங்கு ஒன்று
சலேத்மேரியின் புதுச் சீப்பைக் கொண்டுபோனது.
கல்யாணம் பனிமய மாதா கோயிலிலா, தாராவியிலா
என்று ஆரம்பித்து
எங்கேயும் போய்ச் சேரவில்லை.
மூன்று முகச் சாமி மேலே இருந்தார்.
நாங்கள் மூன்று பேர் கீழே இருந்தோம்.

திரும்பும்போது நெரிசல். சயனில் இறங்க வேண்டும்.
ஆண்கள் பெட்டியிலிருந்து போன்:
"எந்தப் பக்கம் பிளாட்பாரம்?"
தரை இன்னும் எனக்குக் கீழே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
கண்ணை மூடி யோசித்துச் சொன்னேன்.
சரியாகத்தான் சொன்னேன்.

கதவைத் திறந்த ரெனிட்டா கேட்டாள்,
"குகை எப்படி இருந்துச்சு?"

"பெருசு" என்றார் கஸ்பார்.
"ரொம்பப் பெருசு" என்றாள் சலேத்மேரி.

கருவாட்டை எங்கே வைத்தாய் என்று கேட்டேன் நான்.